பின்னால் வந்த வண்டி

அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. ஓட்டுநர் பள்ளியின் காரில் பயிற்சியாளர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் தடுமாறும் முன்பே அவள் கால் அதை அழுத்திவிடும். தடுமாறாவிட்டாலும் அழுத்தும்.

அந்தப் பிரேக்கம்மாவைத்தான் சேவை சங்கத்தின் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு கோஷ்டிகள் முட்டிக்கொண்டதில், இரண்டுக்கும் பகையில்லாதவள் அவள் ஒருத்திதான். கைதட்டல் அடங்குவதற்குள் ஆலோசனைகள் வரத் தொடங்கின.

பழைய தலைவரான டைல்ஸ் கடைக்காரர் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "யாரையும் நம்பி விட்டுடாதீங்க. ஏதாச்சும் ஆனா உங்க தலைதான் உருளும்" என்றார். செயலாளரான மருந்துக்கடைக்காரர், "எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்காதீங்கம்மா" என்றார். "சிரிச்சுக்கிட்டே இருங்க அண்ணி, மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்று நாத்தனார் போனில் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் புருஷன், "முதல்ல சாப்பிடு" என்றார்.

நான்கில் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது முதலாவதுதான்.

சிறுநீரகம் பழுதானவர்களை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது சங்கத்தின் முக்கியமான வேலை. உறுப்பினர்கள் முறை வைத்துச் சொந்தக் காரில் போவார்கள். பிரேக்கம்மா முந்தின நாளே கூப்பிட்டு நினைவுபடுத்துவாள். காலையில் மறுபடியும் கூப்பிடுவாள். "கிளம்பிட்டீங்களா?" "எங்க இருக்கீங்க?" "ஏத்திட்டீங்களா?" அதற்குப் பிறகும் இருப்புக் கொள்ளாது. வகுப்பு நடத்தும்போது மாணவர் சாலையைப் பார்க்க, அவள் மடியிலிருக்கும் போனைப் பார்ப்பாள்.

ஒருநாள் உறுப்பினரான அச்சகக்காரர், டயாலிசிஸுக்குப் போகும் தையற்காரி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில் அவர் கண்ணாடியில் பார்த்தபோது, இரண்டு வண்டி தள்ளி ஓட்டுநர் பள்ளியின் கார் வந்துகொண்டிருந்தது. மருத்துவமனை வாசலில் தையற்காரியை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு அவர் நேராகப் பிரேக்கம்மாவின் ஜன்னலுக்கு வந்தார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. திரும்பக் கூட்டிட்டுப் போறதையும் நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செய்தி பரவ நேரமாகவில்லை. அந்த வாரமே ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்கு வெளியூர் வேலை. மருந்துக்கடைக்காரர் மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: "நாங்க வரலேன்னா நீங்க போயிடுவீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்மா. அப்புறம் எதுக்கு வரணும்?"

அவளே போனாள். வகுப்புகளைத் தள்ளிப்போட்டு, காலில் சக்கரம் கட்டிக்கொண்டதுபோல் ஓடினாள். மூன்றாவது வாரம், பின் இருக்கையில் சாய்ந்திருந்த தையற்காரி கேட்டாள்: "அச்சகக்காரருக்கு என்னாச்சு?"

"ஏன், நான் ஓட்டறது சரியில்லையா?"

"நல்லாத்தான் ஓட்டறீங்க. அவரு வழியெல்லாம் பாடுவாரு. கேக்க சகிக்காது. நிறுத்துங்கய்யான்னு சண்டை போட்டுக்கிட்டே வருவேன், ஊசி ஞாபகமே வராது. உங்க கூட வந்தா எனக்கும் சேர்த்துப் பதறுது."

பிரேக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. அன்று மாலை அச்சகத்துக்குப் போனாள். இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை.

"மன்னிப்புக் கேட்க வந்தீங்களா, இல்ல நாளைக்கு வருவேனான்னு கேட்க வந்தீங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டுக்கும்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு எனக்கு ஒரு போன்கூட வரக்கூடாது" என்றார்.

மறுநாள் காலை அவள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். அவர் வந்தாரா? தையற்காரி படியிலேயே காத்திருக்கிறாளா? அந்த வழியாக ஒரு சுற்று போய்ப் பார்த்தால் என்ன? காரணமே இல்லாமல் அவள் பிரேக்கை அழுத்தியதில் அன்றைய மாணவி அழுதே விட்டாள்.

சாயங்காலம் மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "காலையில அச்சகக்காரர் வண்டி பஞ்சர். என்னைக் கூப்பிட்டாரு, நான் போயிட்டு வந்தேன்."

"எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

"சொல்ல என்ன இருக்கு? வேலைதான் முடிஞ்சிடுச்சே."

அவளுக்குக் கோபமும் வந்தது, பாரமும் இறங்கியது. எது முதலில் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து முதுகுவலிக்காரரும் வெளியூர்க்காரரும் தாமாகவே திரும்பி வந்தார்கள். அவளும் மற்றவர்களைப்போல் தன் முறைக்கு மட்டும் போனாள். நடுவில் இரண்டொரு முறை கை தவறிப் போன் போட்டதும் உண்டு, அவர்கள் எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு தலைவராகத் தேர்வான உடற்பயிற்சி ஆசிரியர் அவளிடம் ஆலோசனை கேட்டு வந்தார்.

"யாரும் உங்ககிட்ட எதுவும் சொல்லலேன்னா, அது நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு நினைச்சுக்கங்க" என்றாள். "நினைக்க முடியாது. ஆனாலும் நினைச்சுக்கங்க."

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அன்று அவளுடைய முறை. தையற்காரி காத்திருப்பாள் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.