யாரையும் அம்மா என்று கூப்பிடாதே

பினாயில் வாசனை வந்தால் ஸ்டெல்லா வந்துவிட்டாள் என்று அர்த்தம். என் தங்கை, இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் மாடி வீட்டுப் படிகளில் அவளுக்கு முன்னால் அந்த வாசனை ஏறிவரும். மூக்கில் பட்டதும் நான் கோலார் தங்கவயலுக்குப் போய்விடுவேன். சுரங்கத் தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு அப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரி. நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் எழாதவர், பெயர்கூடத் தெரியாத நர்ஸ் ஒருத்தி வந்து "எழுந்து உக்காருங்கப்பா" என்றதும் எழுந்து உட்கார்ந்தார்.

இப்போது ஸ்டெல்லாவுக்கு ஸ்பெயினில் வேலை, கிடைத்தால். வலென்சியாவில் படுக்கையோடு கிடக்கும் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் மகள் வீடியோவில் பேசித்தான் முடிவு செய்வாள். ஹெப்பகோடி பக்கம் ஓர் அலுவலகத்தில் இயந்திரக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றிப் பிழைக்கிறவள் நான். ஆகவே வாத்தியார் வேலையும் என் தலையில்.

தங்கவயலிலேயே இருந்துவிட்ட என் ஊர்க்காரர்களே, உங்களுக்கு இந்த வயிற்றெரிச்சலை எப்படிச் சொல்வேன்! ஆங்கிலம் ஒரு சின்ன வினைச்சொல்லைப் பிடித்து அப், ஓவர், அவுட் என்று வால் மாற்றி மாற்றி ஒட்டியே உலகத்தை நடத்திவிடுகிறது. ஸ்டெல்லாவின் வார்டு முழுக்க வால்கள்தான்: சிட் அப், த்ரோ அப், பாஸ் அவுட். ஸ்பானிஷுக்கு அந்த வால் ஆகாது. வாந்திக்கு வொமித்தார், மயக்கத்துக்கு தெஸ்மயார்ஸே; ஒவ்வொன்றையும் புதிதாக நெட்டுருப் போட வேண்டும்.

"சிட் அப்?" என்பேன், தோசையைத் திருப்பிக்கொண்டே.

"சியெந்தேஸே… அர்ரிபா?"

"அந்தம்மாவ மேல ஏறிக் குந்தச் சொல்றியாடி? இன்கொர்ப்போரெஸே!"

"இன்னாக்கா இது, கம்பெனி பேரு மாதிரி கீது! நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தம்மாவுக்கு பெட்சோரே வந்துரும்."

முதல் அழைப்பில் மகள், பின்னால் படுத்திருந்த தாயைக் காட்டி, எழுந்து உட்காரச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள். ஸ்டெல்லா அந்தப் பொல்லாத வார்த்தையைப் பிசகில்லாமல் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எந்த வார்டிலும் எந்தக் கிழவியிடமும் சொல்கிற பழக்கத்தில் கூடவே, "மமா" என்றாள். தலையணையில் கிடந்த முகம் திரும்பி, திரையில் யாரையோ தேடியது. மகளின் முகம் இறுகிவிட்டது. "நோ எஸ் சு மாத்ரே." அவர் உங்கள் அம்மா இல்லை. அடுத்த வாரம் இன்னொரு முறை பார்க்கலாம், அதுவே கடைசி என்று துண்டித்துவிட்டாள்.

"இன்னாக்கா தப்பு? அம்மான்றதா தப்பு?"

"அங்க தப்புதான்டி. மேடம்னு சொல்றாப்பல சென்யோரான்னு சொல்லு. யாரையும் அம்மான்னு கூப்புடாத."

இந்த ஊர் எனக்கு இன்னும் பாதி அந்நியம்தான். அலுவலகத்தில் மேடம், மாடிப்படியில் ஆன்ட்டி. ஆனாலும் காய்க்காரர் வாம்மா என்பதைக் கன்னடத்தில் "பாம்மா" என்று கூப்பிடும்போது, யாருக்கோ ஏதோ உறவாகித்தான் பை நிறைய வாங்கி வருகிறேன். அந்த 'அம்மா' என்கிற சின்ன வாலைத்தான் ஸ்டெல்லாவின் நாக்கிலிருந்து ஒரு வாரம் முழுக்க வெட்டிக்கொண்டிருந்தேன். மமா என்று வாய் போகும்போதெல்லாம் தோசைத் திருப்பியை ஓங்கினேன்.

இரண்டாம் அழைப்பு. "இன்கொர்ப்போரெஸே, சென்யோரா." மகள் சிரித்தாள், வேலை உறுதி. மூதாட்டி இந்த முறை சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

நேற்று விமான நிலைய வாசலில், "சொன்னதெல்லாம் ஞாபகம் வெச்சிக்கோ" என்றேன். ஸ்டெல்லா மேட்ரன் முன்னால் நிற்பதுபோல விறைப்பாக நின்று, "ஸி, சென்யோரா" என்றாள். சிரித்தபடி பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

கண்ணாடிக் கதவு மூடுவதற்குள் கத்தினேன்:

"ஏய், அக்கான்னு சொல்லிட்டுப் போடி!"