இடைவேளையில் வலை இழுத்த எங்கள் அக்கா

எங்கள் அன்பு அக்கா யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஓலை வீட்டில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த மகளாகப் பிறந்தார். பக்தியும் பணிவும் நிறைந்தவர் என்று அடுத்த வரியை எழுதுவது வழக்கம். பக்தி இருந்தது. பணிவு இருந்ததை நான் கண்டதில்லை. இல்லாததை எழுதினால் அக்காவே எழும்பி வந்து என் கையைப் பிடிப்பார்.

இந்த நினைவு மலரில் என்ன எழுதவேண்டும் என்று கனடாவிலிருக்கும் சித்தப்பா மூன்று தடவை தொலைபேசியில் சொல்லித் தந்தார். “பிறந்தது, படிச்சது, ரீச்சரா இருந்தது, கலியாணம், பிள்ளையள். அதோடை நிப்பாட்டு பிள்ளை. உந்த டிறம் கதை, கொடிகாமத்துக் கதை ஒண்டும் வேண்டாம். நாலு சனம் வாசிக்கிறது.”

நாலு சனம் வாசிக்கிறது என்பதற்காகத்தான் எழுதுகிறேன், சித்தப்பா. கோபிப்பதென்றால் கோபியுங்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்துபோன ஒரு பாண்ட் வாத்திய மாஸ்டர் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கினார். கையில் ஒரு ட்றம்பெட் மட்டும். அவர் எங்கள் கரைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். பழைய மாணவர்களும் பங்குச் சனமும் ஓடித்திரிந்து மற்ற வாத்தியங்களைத் தேடிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. பெரிய டிறத்தைத் தான்தான் அடிப்பேன் என்று நின்றார். பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு பாரம் எதற்கு என்று கேட்டவர்களிடம், “தண்ணிக்குடம் தூக்கேக்க ஒருத்தரும் கேக்கேல்லையே” என்றார்.

அந்த நாட்களில் பாடசாலைகளின் உதைபந்தாட்டம் என்றால் இடைவேளைக்குப் பாண்ட் இறங்கவேண்டும். பத்தே பத்து நிமிடம். பெரிய பள்ளிக்கூடங்களின் குழுக்கள் வெள்ளைக் கையுறை போட்டு, முதுகு வளையாமல், இங்கிலீசு மார்ச் வாசித்துக்கொண்டு போவார்கள். நன்றாகத்தான் இருக்கும், நான் குறை சொல்லவில்லை. நாங்கள் இறங்கினால் அம்பா. கரைவலை இழுக்கும்போது எங்கள் ஆண்கள் பாடும் பாட்டு அது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் “ஏலேலோ” என்று சேர்ந்து இழுப்பார்கள். மாஸ்டர் அதை ட்றம்பெட்டுக்கு மாற்றினார். நடையை மாற்றியது அக்கா. மூன்று அடி முன்னே போய், நாலாவதில் முழுக் குழுவும் பின்னுக்குச் சாய்ந்து, இல்லாத கயிற்றை இருக்கிறது என்று நினைத்து இழுக்கும். அந்த இழுவையில் பெரிய டிறம் ஒரு அடி. அது விழாவிட்டால் வலையும் இல்லை, நடையும் இல்லை.

முதல் வருடம், “மீன்கூடை வருது, மூக்கைப் பொத்துங்கோடா!” என்று கத்தினார்கள். சித்தப்பா அன்று இரண்டு பேரின் சட்டையைப் பிடித்துவிட்டார். அடுத்த வருடம் அதே சனம் முதற்பாதி முடிய முன்னமே கோல் கம்பத்தடிக்கு இடம் பிடிக்க ஓடியது. ஆட்டம் பார்க்க அல்ல, எங்களைப் பார்க்க.

பிறகு மாஸ்டர் வெளிநாடு போய்விட்டார். அக்கா அதே பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்து பாண்ட்டைப் பொறுப்பெடுத்தார். தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நேரம் பாண்ட் அறையில் ஷெல் விழுந்தது. ட்றம்பெட்டுகள் நெளிவோடு தப்பின. பெரிய டிறம் இரண்டு பக்கமும் கிழிந்தது. கடலுக்குப் போகவும் தடை வந்தது. அப்பாவின் வலை வாடியில், அதாவது கரையில் வலை வைக்கும் கொட்டிலில், சும்மா தொங்கியது. கரையில் அம்பா நின்றே போனது. எங்கள் சனத்துக்கு அதைக் கேட்க இருந்த ஒரே இடம் அந்த இடைவேளைதான்.

அப்படியான ஒரு வருடத்தில் எங்கள் பள்ளிக்கூடம் இறுதியாட்டத்துக்கு வந்தது. நான் அப்போது உயர்தர வகுப்பு, பாண்ட்டில் சிம்பல் அடிப்பவள். ஆட்டத்தை ஒழுங்குசெய்தவர்களில் ஒருவர் அக்காவிடம் வந்தார்.

“ரீச்சர், பெரிய டிறம் இல்லாமல் என்னத்தை அடிக்கப் போறியள்? இடைவேளைக்கு வேறை பள்ளிக்கூடத்தை விடுறம்.”

“எங்கடை பெடியள் விளையாடேக்க எங்கடை பாண்ட்தான் இறங்கும். டிறம் வரும்” என்றார் அக்கா.

வராது என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொருளாதாரத் தடையால் சவர்க்காரமும் பற்றறியும் வராத யாழ்ப்பாணத்துக்குள் டிறத்துக்குப் பிளாஸ்ரிக் தோல் எங்கிருந்து வரும்?

கொடிகாமத்துக்கு அப்பால், செத்தவீடுகளுக்குப் பறை அடிக்கும் குடும்பம் ஒன்று இருப்பதாக அறிந்தோம். அக்கா டிறத்தைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். நான் பின்னால் இன்னொரு சைக்கிளில். செம்மணி வெளிக்காற்றோடு மல்லுக்கட்டி, சாவகச்சேரியில் இறங்கி இளைப்பாறி, மத்தியானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த வீட்டு அண்ணை எங்களைக் கண்டதும் முற்றத்தில் இறங்கி நின்றார். கதிரையைத் துடைத்துப் போட்டார். தான் இருக்கவில்லை. இரண்டு இளநீர் வெட்டி எங்கள் முன்னால் வைத்தார். அது எங்கள் நாட்டு வழக்கம். அவர்கள் வீட்டுக் கோப்பையில் மற்றச் சாதி வாய் வைக்காது, அதனால் இளநீர்.

அக்கா இளநீரைத் தொடவில்லை. “அண்ணை, தேத்தண்ணி இல்லையோ?”

அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “கிடக்குது. சீனி இல்லை. பனங்கட்டியோடை குடிப்பியளோ?”

“எங்கடை வீட்டிலையும் பனங்கட்டிதான். நீங்களும் இருங்கோ அண்ணை. நிண்டுகொண்டு கதைச்சா அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து நோகுது.”

அவர் இருந்தார். மூன்று பேரும் தேநீர் குடித்தோம். இரண்டு கிழமை கழித்து டிறத்தை எடுக்கப் போனபோது, வாசல்வரை வந்து சொல்லிவிட்டார். “தங்கச்சி, இது பிளாஸ்ரிக் மாதிரி இல்லை. ஈரக்காத்துப் பட்டாத் தளந்துபோகும். உலர்ந்த இடமாப் பாத்து வையுங்கோ. அடிக்க முன்னம் ஒருக்கா நெருப்புக் காட்டுங்கோ.”

வீட்டு வாசலில் சித்தப்பா மறித்துக்கொண்டு நின்றார்.

“உதை உள்ளுக்குக் கொண்டு வராதை. செத்தவீட்டுத் தோல்.”

“மாட்டுத்தோல், சித்தப்பா.”

“ஆற்றை கை பட்டது எண்டு எனக்குத் தெரியும்.”

“அவங்கள் எங்களைப் பாத்து மூக்கைப் பொத்தேக்க உங்களுக்குக் கொதிச்சதெல்லே? இப்ப நீங்கள் ஆரைப் பாத்துப் பொத்துறியள்?”

சித்தப்பா வாசலை விடவில்லை. அப்பா வாய் திறக்கவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். கடைசியில் டிறம் வாடிக்குப் போனது. நாலு நாள் கடற்கரையில் வலைக்குக் கீழே கிடந்தது. எந்தக் காற்றில் வலை காயும், எந்தக் காற்றில் காயாது என்று தெரிந்த கடற்சனம் நாங்கள். தோலும் அந்தக் காற்றைக் குடிக்கும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. வலை தொங்கும் வாடியில் நெருப்பு மூட்ட முடியாது, வீட்டில் என்றால் காட்டியிருக்கலாம். வீட்டுக்குள் விட்டால்தானே!

இறுதியாட்டம். முதற்பாதி நடந்துகொண்டிருந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் அணிவகுத்து நின்றபோது அக்கா டிறத்தை ஒரு தட்டுத் தட்டினார். நனைந்த சாக்கில் தட்டியதுபோல் “தொப்” என்றது. இன்னொரு தட்டு. அதே தொப். “மாதாவே, மானம் போச்சு!” என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சனத்துக்குள் யாரையோ தேடினார். கயிற்றுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி கொடிகாமத்து அண்ணை நின்றார். தான் தோல் போட்ட டிறத்தைக் கேட்க அவ்வளவு தூரம் உழக்கி வந்திருந்தார். “அண்ணை, உள்ளுக்கு வாங்கோ!” என்று அக்கா கூப்பிட்ட சத்தம் மைதானம் முழுவதும் கேட்டது. அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தார். காய்ந்த தென்னோலை இரண்டை இழுத்து வந்து, எல்லாரும் பார்க்க மூட்டி, டிறத்தை அனலில் பிடித்துத் திருப்பத் தொடங்கினார்.

“டேய், பறை காய்ச்சுறாங்களடா!” என்று ஒருவன் கத்தினான். மைதானமே சிரித்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சனத்துக்குள் மறைந்தார். ஒழுங்கமைப்பாளர் வெள்ளைக் காற்சட்டையோடு ஓடிவந்தார்.

“ரீச்சர், உது என்ன வேலை? நெருப்பை நூருங்கோ. உந்த ஆளை வெளியிலை போகச் சொல்லுங்கோ. இல்லையெண்டா பாண்ட் இறங்கேலாது.”

“இடைவேளைக்கு இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு, ஐயா. ஓலை அதுக்குள்ளை எரிஞ்சு முடிஞ்சிடும்.”

“அந்த ஆள்?”

“அண்ணையும் எங்கடை பாண்ட்தான்.”

விசில் ஊதியது. நாங்கள் அவருடைய அனுமதிக்கு நிற்கவில்லை, இறங்கினோம். இரண்டு பக்கமும் கூ அடித்தார்கள். மூன்று அடி முன்னே வைத்தோம். நாலாவது, இழுவை. அக்காவின் கோல் தோலில் விழுந்தது.

மூலையில் நின்ற சனம் அப்படியே நிலத்தில் படுத்துவிட்டது! ஷெல் என்று நினைத்துவிட்டார்கள். கூ அடித்த பெடியளும் படுத்தார்கள். ஒழுங்கமைப்பாளரும் படுத்தார், அந்த வெள்ளைக் காற்சட்டையோடு புழுதியில். இரண்டாவது அடி விழுந்தபோது தலைகள் மெல்ல நிமிர்ந்தன. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், இம்முறை தங்களைப் பார்த்து. மூன்றாவது அடிக்கு, சனத்துக்குள்ளிருந்து ஒரு தனிக்குரல் “ஏலேலோ” என்று இழுத்தது. அப்பாவின் குரல். கடலுக்குப் போகாமல் மாதக்கணக்காகப் பேச்சே குறைந்திருந்த மனிதர். அடுத்த இழுவைக்குக் கரைச்சனம் முழுவதும் சேர்ந்தது. அதற்கடுத்ததில் கரை எது, ஊர் எது என்று எனக்குப் பிரித்துக் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டே சிம்பல் அடித்தேன்.

பத்து நிமிடம் முடிந்து நடுவர் ஊதினார். அக்கா போகவில்லை. வலை கரைக்கு வராமல் அம்பாவை விடுவதில்லை. நடுவர் இன்னும் இரண்டு தடவை ஊதினார். விளையாட்டு வீரர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்து நின்றார்கள். கடைசி இழுவையை இழுத்து முடித்த பிறகுதான் அக்கா வெளியே வந்தார். அன்று எங்கள் பெடியள் தோற்றார்கள். எத்தனை கோல் என்று இன்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் எல்லாரும் வெளிக்கிட்டோம். “சனம் அரிசி கட்டுது, இவள் டிறம் கட்டுறாள்!” என்று அந்த மழைக்குள்ளும் சித்தப்பா கத்தினார். கொடிகாமம் இருக்கும் தென்மராட்சியில் பள்ளிக்கூடங்கள், கோவில்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. எங்கள் பதின்மூன்று பேருக்கும் வீட்டைத் திறந்து விட்டவர் கொடிகாமத்து அண்ணை. அவருடைய பிள்ளைகள் கொட்டிலில் படுத்தார்கள், நாங்கள் வீட்டுக்குள் படுத்தோம். முதல்நாள் சித்தப்பா முற்றத்து ஓரத்தில் ஒதுங்கி நின்றார். அக்கா சோற்றுக் கோப்பையோடு போனார்.

“சித்தப்பா, சோறு வேணுமோ, இளநீர் வேணுமோ?”

சித்தப்பா சோறு என்றார். மாதக்கணக்கில் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டார். நாங்கள் எல்லாருமே சாப்பிட்டோம். ஊருக்குத் திரும்பியபோது, உலர்ந்த இடம் என்று சொல்லி அக்கா டிறத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

பிறகு அக்கா நிரந்தர ஆசிரியை ஆனார், திருமணம் செய்தார், இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். நோய் வந்தபோது அதோடும் சண்டைதான் பிடித்தார். கடைசிக் கிழமை என் கையில் விரலால் மூன்று தட்டித் தட்டி, நாலாவதுக்கு என் விரலை இழுத்துக்கொண்டு கிடந்தார்.

அடக்கத்தன்று கொடிகாமத்து அண்ணை டிறத்தோடு வந்தார். பழைய பாண்ட் பிள்ளைகள், தலை நரைத்தவர்கள், ஒன்பது பேர் வந்தார்கள். கோவிலுக்கும், புதைக்கிற இடமான சேமக்காலைக்கும் சரிபாதி வழியில் பெட்டியை இறக்கினோம். அண்ணை தெருவோரத்தில் ஓலை கொளுத்தினார். “நேரம் போகுது, உது எங்கடை முறையில்லை” என்று ஒரு பெரியவர் என் காதில் சொன்னார். “இடைவேளை பத்து நிமிசம். பொறுங்கோ” என்றேன். வலை கரைக்கு வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினோம்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமி, பந்தல் போட்ட அயலவர், தேநீர் ஊற்றியவர்கள், தூரத்திலிருந்து வந்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொடிகாமத்து அண்ணைக்கு நன்றி சொல்லமாட்டேன். வீட்டு ஆளுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

இன்று முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிய, எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. கனடாவிலிருந்து சித்தப்பாவும் வந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், முதற் பந்தியில், கொடிகாமத்து அண்ணைக்கு இடம் போட்டிருக்கிறேன். எல்லாரும் வாருங்கள். இரண்டாம் பந்தி வைக்கவில்லை.

அன்புத் தங்கை