தண்ணீர் ஊற்றக் கூடாத செடி

எங்கள் தலத்தெரு வீட்டு ஆழ்துளைக் குழாயில் தண்ணீர் உப்பாக மாறிய வருஷம் என் ரோஜாச் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. முதலில் இலை ஓரம் பழுப்பானது, பிறகு கொம்பு காய்ந்தது. அடுத்த கோடையில் மல்லிகையும் போனது. காலையில் ஒரு மணி நேரம் வரும் அரசுக் குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவுமே சரியாக இருந்தது.

"இனிமே இந்தத் தெருவுல செடி கொடியெல்லாம் ஆவாது. பிளாஸ்டிக் பூவ வாங்கி மாட்டிட்டு நிம்மதியா இரு" என்றார் எதிர்வீட்டு அம்மாள்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஒருவர் ஆகாது என்று சொல்லிவிட்டால் அதை ஆக்கிக் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறேன். அங்கேயும் என் பிடிவாதத்துக்குப் பெயர் உண்டு. எங்கள் வாசலில் குழாய்த் தண்ணீரை நம்பாமல் ஒரு பூவாவது பூக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விதை கொடுத்தவர் இரண்டு வீடு தள்ளி இருக்கும் லாத்தா. அக்காவை எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் அழைப்பார்கள். தெருவுக்கே அவர் லாத்தாதான். அவருடைய தம்பி ஓமனில் சலாலா பக்கம் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வந்தபோது விதையை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்திருந்தார்.

"அங்க மலையில பாறை இடுக்குல மொளைச்சு நிக்கிதாம். பாதி வருஷத்துக்கு மழையே கெடையாதாம். போட்டுப் பாரு புள்ள, அல்லா நாடுனா வரும்" என்றார் லாத்தா.

சீரகம் போன்ற விதை. இரண்டு முனையிலும் பஞ்சு. அடீனியம் என்பார்கள், பாலைவன ரோஜா என்றும் சொல்வார்கள். ஆற்று மணலும் செங்கல் உடைசலும் ஒரு கை ஆட்டெருவும் கலந்து, அடியில் நான்கு நான்கு ஓட்டை போட்ட ஏழு தொட்டிகளில் விதைத்தேன். ஏழும் முளைத்தன. பத்து நாளைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் காட்டினேன், அதுவும் மண் பொரிந்துபோனால் மட்டும். அடிமரம் கருணைக்கிழங்கு போலப் பருத்தது. இரண்டாம் வருஷம் பங்குனியில், ஊரே காய்ந்து கிடந்தபோது, முதலில் முளைத்த செடி இளஞ்சிவப்பாகப் பூத்தது. எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, பால் வடியும் செடி வாசலில் ஆகாது என்றார். "பால் வடியறதாலதான் ஆடு கடிக்க மாட்டேங்குது" என்றேன். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

பிடிக்காதவர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். என் கணவர்.

அவர் சுரக்குடிக்காரர். காவிரி கடைசியாக வந்து சேரும் கடைமடை. மேலே எல்லோரும் குடித்து மீந்ததுதான் அங்கே வரும். முறை வைத்து விடும் தண்ணீருக்காக மண்வெட்டியோடு வரப்பில் காத்துக் கிடந்தே வளர்ந்தவர். ஒரு சொட்டு வீணாக ஒழுகினால் அவருக்கு உடம்பு பதறும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், தம்பி பார்த்துக்கொள்ளும் வயலுக்குப் போய் மடையைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது போகும். "கையில தண்ணிய வச்சிக்கிட்டு ஒரு செடிய காயப் போடுறது என்ன புத்தி?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் வருஷம் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக நாற்பது நாள் திருச்சிக்குப் போனேன். போகும்போது தொட்டிகளைக் காட்டி, "பத்து நாளைக்கு ஒரு தம்ளர். அதுக்கு மேல வேண்டாங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். போனில் கேட்கும்போதெல்லாம் "ஜம்முனு இருக்கு" என்றார்.

சித்திரைக் கடைசியில் திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டிகளிடம் போனேன். இலையெல்லாம் மஞ்சள். தொட்டி நிறையக் கறுப்பு மண், சேறாக மினுமினுத்தது. அடிமரத்தை அழுத்தினேன். விரல் உள்ளே போனது. புளித்த கஞ்சி வாடை அடித்தது.

"என்னங்க பண்ணுனீங்க?"

"சுரக்குடி வயல்லேந்து வண்டல் கொண்டாந்து போட்டேன். நீ வச்சிருந்தது வெறும் மணலும் கல்லும். ஊத்துற தண்ணியெல்லாம் அடியில ஓடிப் போவுது. அதான் ஓட்டைய களிமண்ணு வச்சு அடைச்சேன்."

வாய்க்கால் உடைப்பை அடைத்த ஆளின் பெருமை அவர் முகத்தில் இருந்தது. தான் குளிக்கும் தண்ணீரில் பாதியைத் தினமும் மிச்சம் பிடித்து ஊற்றியிருக்கிறார். அதைக் கேட்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. வாய்க்கு வந்தபடி பேசினேன்.

ஆறு செடிகள் குப்பைக் குழிக்குப் போயின. முதலில் பூத்த அந்த ஒன்று மட்டும் மேல் பாதி கெட்டியாக இருந்தது. விட மனசில்லை. கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டு அழுகலைச் சீவினேன். பழுப்பு தெரியத் தெரியச் சீவிக்கொண்டே போனேன். வெள்ளைச் சதை வந்தபோது கிழங்கில் பாதிதான் மிச்சம். வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் அப்பி, சணலில் கட்டி, கொல்லைத் தாழ்வாரத்தில் நிழலாகத் தலைகீழாகத் தொங்கவிட்டேன்.

"பச்ச மரத்தத் தூக்குல போட்டிருக்கியே, பாவமில்லியா?" என்றார் அவர்.

"பாவத்தப் பண்ணுனது யாரு? இதுல இனிமே உங்க கை பட்டுச்சுன்னா நான் திருச்சிக்கே போயிடுவேன்."

அக்கினி நட்சத்திர வெயிலில் அது நாளுக்கு நாள் சுருங்கியது. வெளியே வீறாப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். லாத்தாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "செத்திருந்தா இந்நேரம் அழுவியிருக்கும். இது சுருங்கத்தானே செய்யுது, உசுரு இருக்கு. விடு" என்றார். நான் விட்டேன். தினமும் காலையில் என் கணவரும் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் போட்ட தடையை எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மணலும் ஓட்டாஞ்சில்லும் போட்டு நட்டேன். ஆடியில் ஒரு நாள் கொல்லையிலிருந்து அவர் கூப்பிட்டார். நுனியில் அரிசி அளவுக்கு ஒரு பச்சை. அதை முதலில் பார்த்தது அவர்தான். அப்போதும் கை பின்னால்தான் கட்டியிருந்தது.

பிறகு ஐப்பசி வந்தது. ஒரு காலை வெயில் நன்றாக அடிக்கவே தொட்டியை வாசற்படி மேல் வைத்துவிட்டு அலுவலகம் போனேன். அவர் சுரக்குடிக்குப் போயிருந்தார். அங்கே நாற்று நட்டு நான்கே நாளான வயல். மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டத் தொடங்கியது. பிழைத்து வந்த அந்தப் பாதிக் கிழங்கு இன்னொரு முறை ஊறினால் அவ்வளவுதான். எனக்குக் கணக்கு எழுத ஓடவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தேன்.

வாசற்படி மேல் தொட்டி இருந்த இடத்தில் வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

உள்ளே தரையெல்லாம் ஈரக் காலடி. சாமி அறையில், மணைப் பலகை மேல் தொட்டி இருந்தது. பக்கத்தில் அவர், தலையிலிருந்து சொட்டச் சொட்ட. மடியில் போன் அடித்துக்கொண்டிருந்தது. வயலிலிருந்து அவருடைய தம்பிதான். நாற்று முழுகுவதற்குள் தண்ணீரை வடியவிட அண்ணனைக் கூப்பிடுகிறார்.

"தொட்டுட்டேன்" என்றார் என்னைப் பார்த்ததும். "வேற வழியில்ல."

பிறகு தொட்டியை மெல்லச் சாய்த்து அடியைக் காட்டினார். நான்கு ஓட்டைகளும் திறந்திருந்தன. மழையில் மணல் இறங்கி அடைத்திருந்ததைக் குடைக்கம்பியால் குத்திச் சுத்தம் செய்திருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "அங்க நாத்து முழுகுது, மொதல்ல கெளம்புங்க" என்று விரட்டினேன். வண்டியை எடுக்கப் போனவர் நிலைப்படியில் நின்று திரும்பினார்.

"நான் வர்ற வரைக்கும் அதுக்குத் தண்ணி கிண்ணி ஊத்தித் தொலைச்சிடாத" என்றார்.