முந்நூற்றுப் பதினேழாம் எண் டான்ஸ்லி

கிளெமென்ட் டஸ்டின் ஒரு வண்டியை உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. டான்ஸ்லி கார் சங்கத்தில் முப்பத்தெட்டு வருஷமாக அதுதான் நடைமுறை. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் டான்ஸ்லி தொழிற்சாலை ஓடிய ஒன்பது வருஷத்தில் அறுநூற்று நாற்பது வண்டிகள் வெளியே வந்தன. இரண்டு பேர் உட்காரலாம். கூட ஒரு குடை வைக்க இடம் கிடையாது. மழை பெய்தால் கூரைத்துணி ஒழுகும், பெய்யாத நாளும் இந்த ஊரில் குறைவு. அந்த அறுநூற்று நாற்பதில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை தொண்ணூற்றேழு, நூற்றுக்குப் பதினைந்து. மீதியைத் துருவும், பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பும், வளைவில் வேகம் குறைக்கத் தெரியாத இளவட்டங்களும் தீர்த்துக் கட்டிவிட்டார்கள்.

அந்தக் கணக்கைக் காப்பவர் கிளெமென்ட். யாராவது ஒரு டான்ஸ்லியைக் கண்டெடுத்துச் சங்கத்துக்கு எழுதினால், இவர் கைவிளக்கும் சிறிய கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போவார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணின் மேல் காகிதத்தை ஒட்டி, பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார். அந்தப் படி பதிவேட்டில் ஏறினால்தான் வண்டிக்கு உயிர். சங்கம் வார்த்து வைத்திருக்கும் உதிரிச் சாமான்களும் பதிவேட்டில் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே கிடைக்கும். மற்றவை நின்ற இடத்தில் மக்கிப் போகவேண்டியதுதான்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் அப்படித்தான் ரோலண்ட் யார்ட்லியின் வண்டிக்கு அடியில் படுத்தார். ரோலண்ட் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஞாயிறு மதியம் ஒரே மேசையில் பீர் குடிப்பவர்கள். யாரோ ஒரு விவசாயியின் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த வண்டியை ரோலண்ட் வாங்கி, இரண்டு வருஷம் ராப்பகலாக உழைத்துச் சீராக்கியிருந்தார்.

"என்ன கிளெம், அடியிலயே தூங்கிட்டியா?"

"முந்நூத்திப் பதினேழுன்னு போட்டிருக்கு, ரோலி."

"ஆமா. அதுக்கென்ன?"

"அது என் வண்டி நம்பர்."

ரோலண்ட் சத்தமாகச் சிரித்தார். "அடப்பாவி! அப்ப ரெட்டப் புள்ளைங்களா?"

கிளெமென்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய டான்ஸ்லி எழுபத்திரண்டில் வாங்கியது. அவரும் டோரீனும் கல்யாணமான அன்றைக்கு அதில்தான் போனார்கள். அதன் எண்கள் அளவுகோல் வைத்தது போல நேராக இருக்கும். ரோலண்டின் வண்டியிலோ மூன்று ஆழமாகப் பதிந்திருந்தது, ஏழு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கருவித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் அளவு பார்ப்பவராக இருந்த மனிதருக்குச் சாய்ந்தது எதுவும் பிடிக்காது. டான்ஸ்லியில் எண் பொறித்தது ஒரு மனிதன், கையில் சுத்தியலோடு. அதற்கு முன் முப்பது வண்டிகளிலாவது சாய்ந்த எண்களைப் பார்த்து, சரி என்று பதிந்தவர் கிளெமென்ட். அன்றைக்கு மட்டும் அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. சொந்த வண்டி என்று வந்தால் மனுஷனுக்கு ஞாபகம் இப்படித்தான் வேலை செய்யும்.

சங்கக் கூட்டத்தில், பப்பின் பின்னறையில், முப்பது பேர் முன்னால் விஷயம் வந்தது. ஒரே எண்ணில் இரண்டு வண்டிகள் இருக்க முடியாது.

"என் வண்டிக்கு அடியில நீ படுத்துப் பாத்த. உன் வண்டிக்கு அடியில யாருடா படுத்துப் பாத்தா?" என்று ரோலண்ட் கேட்டார்.

"என் வண்டி எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட இருக்கு."

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "ரோலி, பஸ் டிப்போல எண் அடிக்கிற உளி நெறைய கெடக்காமே!"

அறையே சிரித்தது. கிளெமென்டும் லேசாகச் சிரித்தார். ரோலண்ட் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கிளெமென்ட் பதிவேட்டில் சிவப்பு மையால் 'போலி' என்று எழுதினார்.

அதன் பிறகு பின்சக்கர அச்சுத் தண்டு ஒன்று கேட்டு ரோலண்ட் இரண்டு முறை கடிதம் போட்டார். இரண்டுக்கும் கிளெமென்ட் விதியை மேற்கோள் காட்டி மரியாதையாகப் பதில் எழுதினார். வண்டி தோட்டத்தில் தார்ப்பாய்க்கு அடியில் ஏழு வருஷம் நின்றது. ஒருநாள் பழைய இரும்புக்காரனின் லாரி வந்து தூக்கிப் போயிற்று. பதிவேட்டின் கணக்கில் அந்த வண்டி என்றைக்கும் உயிரோடு இருந்ததே இல்லை; அதனால் அது செத்ததையும் எழுத வேண்டியிருக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ரோலண்டும் போனார். கிளெமென்ட் ஒரு இரங்கல் அட்டை அனுப்பினார், அடக்கத்துக்குப் போகவில்லை.

இந்த ஜனவரியில், எண்பத்தோரு வயதில், வழக்கம்போலக் கிளெமென்ட் தன் வண்டியை முட்டுக்கட்டைகளில் தூக்கி நிறுத்தினார். வருஷா வருஷம் சக்கரங்களைக் கழற்றி, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, மெழுகு பூசுவது அவர் வழக்கம். எண் இருக்கும் இடத்தை மட்டும் துடைத்து எண்ணெய் தடவுவார், சுரண்ட மாட்டார். இந்த முறை அந்த எண்ணின் ஓரத்திலேயே பட்டாணி அளவுக்குத் துரு கொப்புளித்திருந்தது. வேறு வழியில்லாமல் சுரண்டினார். ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. அடிச்சட்டத்தில் விளிம்பு இருக்கக் கூடாது. உளியை நுழைத்து நெம்பியதும், சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு மெல்லிய தகடு, நேரான எண்களோடு, அவர் நெஞ்சில் விழுந்தது.

தகடு இருந்த இடத்தில் வேறு எண் இருந்தது. நானூற்று இரண்டு. நான்கு சாய்ந்திருந்தது, இரண்டு ஒரு பக்கம் ஆழமாகப் பதிந்திருந்தது. ரோலண்டின் வண்டியில் அந்தச் சாய்ந்த ஏழாம் எண்ணைப் பொறித்த அதே கை. அட்டை விரித்த தரையிலிருந்து கிளெமென்ட் எழுந்தார். பிறகு உள்ளே போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். நானூற்று இரண்டுக்கு நேராக அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: 'அறுபத்தாறில் லெஸ்டரில் திருட்டு. உயிரோடு இல்லை.'

எவனோ ஒரு திருடன் ஏதோ ஒரு வண்டிப் பத்திரத்தில் கண்ட எண்ணைத் தகட்டில் அடித்து ஒட்டி விற்றிருக்கிறான். அதை வாங்கியதில் கிளெமென்டின் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ரோலி அன்றைக்குக் கேட்டான் அல்லவா, யார் படுத்துப் பார்த்தது என்று? அந்த ஒரு கேள்விக்கு அன்றைக்கே பதில் தேடியிருந்தால் போதும்.

தகட்டைத் திருப்பி ஒட்டிப் பெயின்ட் அடிக்க ஒரு மணிநேரம் ஆகும். யாருக்கும் தெரியப் போவதில்லை. மூன்று வாரம் அந்த ஒரு மணிநேர வேலை அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான்காவது வாரம் தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ரோலண்டின் மனைவி பெரிலின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பெரில் தகட்டைக் கையில் வாங்கவில்லை. தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இப்ப எதுக்கு வந்த?"

"இப்பதான் தெரிஞ்சுது, பெரில்."

"அவருக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே தெரியும்."

கிளெமென்ட் தலை குனிந்தார். "வண்டிய நான்தான் கொன்னுட்டேன்."

"வண்டி கெடக்குது, விடு. இரும்புதானே? ஞாயித்துக்கெழம ஆனா சவரம் பண்ணுவாரு, நல்ல சட்டய போடுவாரு, ஜன்னல்கிட்ட உக்காருவாரு. பப்பு தொறந்து ஒரு மணி நேரம் ஆனதும் எந்திரிச்சுப் போயி சட்டய கழட்டிடுவாரு. எத்தன வருஷம் தெரியுமா? நா ஒரு வார்த்த கேட்டதில்ல."

"என்ன மன்னிச்சுடு, பெரில்."

"என்கிட்ட எதுக்குக் கேக்குற? நா எப்பவாவது அவர சந்தேகப்பட்டேனா? எந்த ரூம்ல வெச்சு அவரப் பாத்து சிரிச்சீங்களோ அந்த ரூம்ல சொல்லு. நானும் வரேன்."

மார்ச் மாத ஞாயிறு மதியம், அதே பப்பின் அதே பின்னறையில் வருடாந்தரக் கூட்டம். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். பெரில் கோட்டைக் கழற்றாமல் கதவோரமாக உட்கார்ந்தாள். கிளெமென்ட் எழுந்து, தாளைப் பிடித்துக்கொண்டு, தகடு விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் படித்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில் தாளை மடித்துவிட்டுச் சொன்னார்:

"ரோலண்ட் யார்ட்லி பொய் சொல்லல. போலி என்னோட வண்டிதான். பாருடான்னு சொன்னான், நான் பாக்கல. உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன், அவன் நேர்மையான ஆளு."

சிலர் மெதுவாகக் கை தட்டினார்கள். தலைவர் கேவின், நாலு வருஷத்துக்கு முன்தான் வண்டி வாங்கிச் சேர்ந்தவர், உண்மையிலேயே நெகிழ்ந்து போயிருந்தார்.

"பெரிய மனசு உங்களுக்கு, கிளெம். நானூத்தி ரெண்டு உயிரோட வந்துருச்சு, முந்நூத்திப் பதினேழு போயிருச்சு. மொத்தம் அதே தொண்ணூத்தேழுதான், இல்ல? சரி, எழுதிக்கிறேன். அடுத்தது, கோடைப் பயணத்துக்கு..."

முன்வரிசையில் ஒருத்தி கணவனின் காதில் கேட்டாள், "யாருங்க அந்த யார்ட்லி?"

"தெரியல. நம்மளுக்கு முன்னாடி ஆளு போல."

அன்றைக்குச் சிரித்த முகங்களைக் கிளெமென்ட் தேடினார். உளி என்று கத்திய ஆள் போன வருஷம் புதைக்கப்பட்டார். இன்னொருவர் முதியோர் இல்லத்தில் சொந்த மகளையே அடையாளம் தெரியாமல் கிடக்கிறார். மற்றவர்கள் எப்போது குறைந்தார்கள் என்று அவர் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு வண்டியையும் எண்ணியவர் ஆட்களை எண்ணவில்லை.

பெரில் எழுந்து நின்றாள். கேவின் பேச்சை நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம், மன்னிச்சுக்குங்க. இங்க என் வீட்டுக்காரர பாத்திருக்கிறவங்க, பேசிப் பழகினவங்க, யாராவது இருக்கீங்களா? கைய மட்டும் தூக்குங்க."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு கை உயர்ந்தது.

பெரில் அந்தக் கையைப் பார்த்தாள்.

"கைய எறக்கு, கிளெம்," என்றாள்.