அம்மா காத்திருந்த லாரி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், அம்மாவைப் பற்றி எழுதும் பொறுப்பை உறவினர்கள் என்னிடம் தந்தார்கள்.

அம்மா அவர்கள் வேம்பார் பக்கம் கடற்கரையில் பிறந்து, வெம்பக்கோட்டை அருகே எங்கள் கரிசல் ஊருக்கு வாழ்க்கைப்பட்டார்கள். வலை பின்னிய விரல்கள் இங்கே பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னின. மழை, மகசூல், சீசன் ஆர்டர் என்பதே ஊர்ப்பேச்சு. கடலைப் பற்றிப் பேச அம்மாவுக்கு ஒருவரும் இல்லை.

உடன்பிறந்தவர் என் மாமா ஒருவரே, விசைப்படகு வைத்திருந்தார். எங்கள் ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வந்த பிறகு, தீவனத்துக்காகக் காய்ந்த பொடிமீனை லாரியில் கொண்டு வருவார். சத்தம் கேட்டதும் அம்மா உலையைப் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடுவார்கள். தம்பியின் கையைப் பிடித்து முகர்ந்து, "எங்க ஊரு வாடை" என்று சிரிப்பார்கள்.

ஒருமுறை ஒரு மூட்டை பிரிந்து கொட்டியது. அள்ளிப் பார்த்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"ஏலே, இது சீலாக் குஞ்சு. சாளையும் பொடிசாக் கெடக்கு. என்னலே இது?"

"வலையில வந்ததுக்கா. திரும்பக் கடல்ல கொட்டுனாலும் செத்ததுதான். கோழிக்காவது ஆகட்டுமே."

"அடி மண்ணு வரைக்கும் வழிச்சா வராம என்ன செய்யும்? சாளையைக் கோழிக்குப் போட்டா சீலா எதைத் தின்னு வளரும்? ஓம் பிள்ளை எதைப் பிடிப்பான்?"

"மழைக்கே வழியில்லாத ஊர்ல இருந்துக்கிட்டு கடலுக்கு நாட்டாமை பண்ணுதியாக்கா?"

"இந்த லோடோட இங்கன வராத."

மாமா பிறகு வரவே இல்லை. ரோட்டில் எந்த லாரி போனாலும் அம்மா தலையை நிமிர்த்துவார்கள்.

"நீதான வராதன்ன?" என்பார் அப்பா.

"லோடைத்தான சொன்னேன். அவனையா சொன்னேன்?"

சில வருடங்களில் அந்தக் கரையில் சாளை அற்றுப்போனது. அதைத் தின்ன வரும் சீலாவும் வரவில்லை. டீசல் காசுக்கும் மீன் கிடைக்காமல் மாமா படகை விற்றார் என்று கேள்விப்பட்டபோது அம்மா, "நான் சொன்னது பொய்யாப் போயிருக்கக் கூடாதா" என்றார்கள். அன்று சாப்பிடவில்லை.

நோயில் கிடந்த நாட்களிலும் வாசல் பக்கமே தலை வைத்துப் படுத்தார்கள்.

அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அத்தைமாருக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து பாடைக்குத் தோள்கொடுத்த கம்பெனி ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு பஸ் ஏறி வந்த மாமாவுக்கும்தான். சேலையைப் போர்த்திவிட்டு, அவர் தம் கையை அம்மாவின் முகத்தருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார்.

அந்தக் கையில் புதுத்துணியின் கஞ்சி வாடை மட்டும் இருந்தது.