பரஸ்தானம் போன பை

கப்பலில் ஆட்களை ஏற்றிவிடும் வேலைக்கு முதல் தகுதி, தான் ஒருநாளும் ஏறாத கப்பலைப் பற்றி நேற்றுதான் அதிலிருந்து இறங்கி வந்தவன்போலப் பேசத் தெரிவது.

எழுபதுகளின் தொடக்கத்தில் பனகல் பார்க்குக்கு எதிரே ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் பிரயாண ஆபீஸ் இருந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலில் போகிறவர்களுக்கு இடம் பிடித்துத் தருவது, படிவங்களை நிரப்புவது, ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வது, கடைசியில் துறைமுகத்தில் கையில் பட்டியலோடு நின்று ஒவ்வொருவராக ஏணியில் ஏற்றுவது எல்லாம் என் வேலை. ஏணியின் முதல் படிக்கு மேல் நான் போனதில்லை.

பிழைக்கப் போகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்து ஏறிவிடுவார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள்தான் சிரமம். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் பைக்குள் கையை விட்டு எதையோ தேட, பின்னால் நின்று நீங்களும் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். அந்தப் பெருமூச்சைச் சம்பளத்துக்கு விட்டவன் நான். இங்கே எழுதுவது ஒரே ஒரு பயணத்தைப் பற்றி. போக, வர, சிங்கப்பூரில் நிற்கும் நாட்களில் கப்பலிலேயே தங்க, மொத்தம் இருபத்திரண்டு நாள். எங்கள் பட்டியலில் பன்னிரண்டு பேர்.

சாப்பாட்டு அட்டவணை

முதலில் வந்தவர் மயிலாப்பூர் விசாலம் மாமி. தனியாக வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாடி ஏறிய மூச்சு அடங்கும்வரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூரின் வண்ணப் படங்களை நான் பரப்பி வைத்ததை ஒதுக்கிவிட்டு, கப்பலின் சைவச் சாப்பாட்டு அட்டவணையை எடுத்து இரண்டு தரம் படித்தார்.

"கார்த்தால காப்பி?"

"அறைக்கே வரும் மாமி."

"டம்ளரை யார் அலம்புவா?"

"அவர்களே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்."

"ராத்திரிக்கு என்ன பண்றதுன்னு யாராவது வந்து கேப்பாளா?"

"கேட்க மாட்டார்கள். மணி அடிப்பார்கள். போய் உட்கார வேண்டியதுதான்."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அடுப்பைப் பற்ற வைக்காத காலைப் பொழுது தனக்குப் பிரசவங்களின்போது மட்டும்தான் இருந்தது என்று, புகார் இல்லாமல், ஒரு தகவலாகச் சொன்னார். அட்டவணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கணவரை அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டு, வாசற்படியில் திரும்பி நின்றார்: "அவர்கிட்ட சிங்கப்பூரைப் பத்தி மட்டும் சொல்லுங்கோ. இதெல்லாம் சொல்ல வேண்டாம்."

மூன்று லேபிள்

பட்டியலில் இன்னொரு குடும்பம், உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிவசாமி அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கம். அண்ணாச்சி, அவர் மனைவி பேச்சியம்மாள், மகன், மருமகள். கப்பலில் சாமான்களுக்கு மூன்று வித லேபிள் உண்டு. அறைக்குள் வைத்துக்கொள்வதற்கு ஒன்று. நடுவழியில் எடுக்க வேண்டியதற்கு ஒன்று. இறங்கும்வரை தேவைப்படாது, அடித்தளத்தில் போட்டுவிடலாம் என்பதற்கு ஒன்று.

நான் அவர்கள் வீட்டுக்கே போய் விளக்கினேன். கூடத்தில் பதினான்கு உருப்படிகள் இருந்தன. அதில் ஒன்று அம்மிக்குழவி. அம்மி இல்லாமல் குழவி மட்டும் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினான்கிலும் அறை லேபிளை ஒட்டியிருந்தார்கள். அறையில் நான்கு பேர் படுக்கவே இடம் மட்டு என்று சொல்லி, இறங்கும்வரை தேவைப்படாதவற்றைப் பிரித்துத் தரச் சொன்னேன். பேச்சியம்மாள் ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தேவைப்படாததை எதுக்கு தம்பி கட்டித் தூக்கிட்டு வாரோம்?"

மஞ்சள் புத்தகம்

பாஸ்போர்ட்டுகளை நாங்களே ஆபீஸில் வாங்கி வைத்துக்கொள்வோம். அம்மை, காலரா ஊசிகள் போட்டதற்கான மஞ்சள் புத்தகம் மட்டும் அவரவர் கையில் இருக்கும். அது இல்லாவிட்டால் துறைமுக டாக்டர் கப்பலில் ஏற விடமாட்டார். காலரா ஊசி போட்டு ஆறு நாள் கழிந்த பிறகுதான் அந்தப் புத்தகம் செல்லும் என்பதால், அங்கேயே ஒன்று போட்டுக்கொண்டு ஏறிவிடுகிறேன் என்ற சமாதானமும் நடக்காது. இதை எல்லோரிடமும் மூன்று தடவை சொல்வேன். நான்காவது தடவை எழுதிக் கொடுப்பேன்.

விசாலம் மாமியின் கணவர் வாசுதேவன், கோர்ட் ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். சட்டைப் பையில் சிறு பஞ்சாங்கம் வைத்திருப்பார். ஊசி போடும் நாளையும் அதில் பார்த்துத்தான் குறித்தார். மாமிக்குக் கை வீங்கிக் காய்ச்சல் வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் ஆபீஸில் அதற்கு விளக்கம் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர், ஒரே மருந்து. நான் அமிர்தயோகத்துல கையை நீட்டினேன் சார். இவ நாலு நிமிஷம் லேட்."

சந்திராஷ்டமம்

கப்பல் புறப்படும் நாள் புதன்கிழமை என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. வாசுதேவன் அன்று மாலையே மாடியேறி வந்தார். புதன்கிழமை வடக்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. மயிலாப்பூருக்குத் துறைமுகம் வடக்கு. ஆனால் அதற்கு ஒரு வாய் பால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும். விஷயம் அதுவல்ல. புதனும் வியாழனும் அவருடைய ராசிக்குச் சந்திராஷ்டமம், எதையும் தொடங்கக் கூடாத நாட்கள். கப்பலை வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அருகில் மாமி நின்றுகொண்டிருந்தார். பையில் மடித்துவைத்த அட்டவணை இருந்த இடத்தின் மேல் அவர் கை இருந்ததைப் பார்த்தேன்.

பிறகு மாமிதான் வழி சொன்னார். பரஸ்தானம் வைத்துவிடலாமே என்றார். அதாவது, கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் பயணத்துக்கான பை ஒன்றைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆளும் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. போகிற வழியில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாசுதேவனின் பால்ய சிநேகிதர் பட்டாபி ராயப்பேட்டையில் இருந்தார். அது வடக்கே, துறைமுகத்துக்குப் போகும் திசை. பட்டாபிக்குக் கப்பலைப் பார்க்கவும் ஆசை. அவருக்கு ஒரு அனுமதிச் சீட்டு வாங்கித் தந்துவிட்டால், பையை அவரே நேராகத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். மாமியின் ராசிக்குத் தோஷம் எதுவும் இல்லாததால் அவர் சாமான்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து நான் அவர்கள் பெயருக்கு எதிரே கப்பலின் பெயரைப் பேரேட்டில் எழுதினேன். வாசுதேவன் மகிழ்ச்சியோடு எழுந்தார்.

"பைல சும்மா துணிமணி வைச்சா பிரயோஜனம் இல்லை சார். பிரயாணத்துக்கு எது உயிரோ அதை வைக்கணும்."

எது உயிர் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

பதினொரு மணி

புதன்கிழமை துறைமுகக் கொட்டகையில் பத்து மணிக்கே வரிசை தொடங்கியது. ஒரு மணிக்கு ஏணியைத் தூக்கிவிடுவார்கள். அண்ணாச்சி குடும்பம் ஒன்று கூடிப் பதினைந்து உருப்படிகளோடு வந்தது. சுங்க அதிகாரி மூன்றாவது பெட்டியைத் திறந்தபோது முறுக்கு வாசனை வரிசை முழுவதும் பரவியது. அவர் நான்காவது பெட்டியைத் திறக்காமலே சாக்கட்டியால் கோடு போட்டு அனுப்பினார். மூட்டைகளை இறக்கிய போர்ட்டர் குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"இன்னா சார், கப்பலு கடல்ல ஆடாம இருக்கறதுக்கு இத்த வெக்கறாங்களா?"

மாமியும் வாசுதேவனும் பதினொரு மணிக்கு வந்தார்கள். மாமி புதுப் புடவை கட்டியிருந்தார். டாக்டரின் மேஜையில் தன் மஞ்சள் புத்தகத்தை நீட்டினார். முத்திரை விழுந்தது. அடுத்து வாசுதேவன் வெறுங்கையோடு நின்றார். பட்டாபி பதினொன்றரைக்கு வந்துவிடுவார், புத்தகம் பையில் இருக்கிறது என்றார். டாக்டர் அவரை ஓரமாக நிற்கச் சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வாசுதேவன் பார்க்கவில்லை.

"பரஸ்தானத்துல வைச்ச பொருள் தொலைஞ்சதா சரித்திரமே கிடையாது சார்."

டெலிபோன்

பன்னிரண்டு இருபதுக்கும் பட்டாபி வரவில்லை. அவர் வீட்டில் டெலிபோன் இல்லை. கீழே மருந்துக்கடையில் இருந்தது. கொட்டகை ஓரத்திலிருந்த டெலிபோனில் அதைப் பிடித்தேன். கடைக்காரர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஐயரு சட்டைகிட்டை எல்லாம் போட்டுக்கினு, பையை மடியில வெச்சிக்கினு, ரெடியா குந்திக்கினு கீறாரு சார். டாக்சி வர சொல்லோ பன்னெண்டு அடிச்சிட்ச்சாம். ராகு காலமாம். ஒன்றரைக்குத்தான் எய்ந்திருப்பாராம்."

பையை வாங்கி நீங்களாவது ஒரு டாக்சியில் போட்டு அனுப்புங்கள் என்றேன். கேட்டுப் பார்த்துவிட்டாராம். ராகு காலத்தில் பை வாசற்படி தாண்டினால் பரஸ்தானமே வீணாகிவிடும், சந்திராஷ்டமக்காரனைத் தன் கையாலேயே கடலில் தள்ள மாட்டேன் என்று பையை இறுகப் பிடித்துக்கொண்டாராம். அதற்குமேல் நான் டாக்டரிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர். ஊசியை இப்போதே போட்டுவிடுகிறேன், அடுத்த புதன்கிழமை கப்பலைக் கொண்டுவாருங்கள் என்றார்.

வாசுதேவனிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு பெருமிதம்தான் வந்தது.

"பின்னே? ராகு காலத்துல எப்படிக் கிளம்புவான்? பட்டாபிக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே நான்தான்."

முதல் படி

பன்னிரண்டு ஐம்பதுக்குப் பட்டியலில் இரண்டு பெயர்கள் மீதி. மாமி தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். வாசுதேவன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து, "எழுந்துக்கோ விசாலம், இன்னொரு தரம் பாத்துக்கலாம்" என்றார். மாமி எழுந்தார். பெட்டியை விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே கம்பியோரத்திலிருந்து பேச்சியம்மாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ அக்கா! நாங்கள்லாம் இருக்கோம்லா, வாங்க! அண்ணன் பொறவு வரட்டும்!"

கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தின் நடுவே மனைவியோடு பெட்டிக்காக இழுபறி செய்வது ஓய்வுபெற்ற சூப்பரின்டெண்டுக்கு அழகில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். வாசுதேவன் கையை எடுத்துவிட்டார். "உனக்கு ராசி நன்னாத்தான் இருக்கு" என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில். மாமி அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஏணியை நோக்கி நடந்தார். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

முதல் படியில் நின்று கேட்டார்: "கப்பல் வழியில எங்கேயாவது நிக்குமா?"

நாளைக் காலை நாகப்பட்டினத்தில் நிற்கும் என்றேன். அங்கேயும் ஆட்களை ஏற்றுவார்கள். பை கைக்கு வந்ததும் இன்று ராத்திரி ரயிலைப் பிடித்தால் மாமா அங்கே ஏறிக்கொள்ளலாம். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், பரபரப்பில் விட்டுப்போயிற்று, இப்போதே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

மாமி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கொட்டகைத் தூணில் சாய்ந்து பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். மாமி கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு நாளைக்கும் சந்திராஷ்டமம்தான். கேட்டார்னா சொல்லுங்கோ. கேக்கலைன்னா வேண்டாம்."

இரண்டு மணி

பட்டாபி வந்து சேர்ந்தபோது கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் இருபது அடி தண்ணீர் இருந்தது. நெற்றியில் விபூதி கலையாமல், பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஒன்றரை அடிச்சு ரெண்டாவது நிமிஷம் டாக்சில ஏறிட்டேன்டா வாசு" என்றார். வாசுதேவன் பையைத் திறந்து பார்த்தார். வேட்டி, விபூதிச் சம்புடம், மஞ்சள் புத்தகம். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. "பாத்தேளா?" என்று என்னிடம் காட்டினார்.

கப்பலின் மேல்தளத்தில் மாமியைத் தேடினேன். பேச்சியம்மாள் முந்தானையை வீசிக்கொண்டிருந்தார். மாமி அங்கே இல்லை. அந்த நேரத்தில் முதல் பந்திக்கு மணி அடிப்பார்கள்.

வாசுதேவன் புத்தகத்தைப் பைக்குள் வைத்து மூடினார். என் பக்கம் திரும்பினார். எதையோ கேட்கப்போகிறார் என்று தெரிந்தது. நாகப்பட்டினம் ரயில் எழும்பூரிலிருந்து எத்தனை மணிக்கு என்பது எனக்கு மனப்பாடம். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் சார், ராத்திரி சாப்பாட்டுக்கு மைலாப்பூர்ல எந்த ஹோட்டல் நன்னா இருக்கும்?"

*

அன்றைய பட்டியலில் 'ஏறாதவர்' என்று நான் சிவப்பு மையில் குறிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயரைத்தான். காரணம் என்ற கட்டத்தில் ராகு காலம் என்று எழுதினால் கம்பெனி ஒப்புக்கொள்ளாது, மாமி என்று எழுதினால் நானும் உடந்தை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால், 'சான்றிதழ் தாமதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.