முன் சீட்டுக்கு ஒரு ஒட்டு

வெல்டிங்கில் பொய் சொல்ல முடியாது. மேலே பெயிண்ட் அடித்தால் ஒரு மாதம் வரைக்கும் சொல்லலாம். பழைய காரை வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே ஒட்டுப் போடும் என் சக பாவிகளுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

ஐந்தருவி போய் வந்த அன்று

நான் தென்காசியில் பள்ளிக்கூட கிளார்க். குற்றாலத்துச் சாரலில் நனைந்து நனைந்து என் காரின் இடது பக்கத் தரை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஆன்லைனில் ஒரு சின்ன வெல்டிங் மிஷின் வாங்கி, நாலு வீடியோ பார்த்து, துருவைச் சுரண்டாமலே ஒரு தகட்டை ஒட்டிக் கறுப்புப் பெயிண்டும் அடித்துவிட்டேன்.

ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது, முன் சீட்டில் இருந்த என் மனைவி கோமதி காலை ஊன்றினாள். தகடு பெயர்ந்து கால் உள்ளே போய்விட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், செருப்பு மட்டும் ரோட்டோடு போயிற்று. வண்டியை ஓரங்கட்டினேன். கோமதி மெதுவாகத்தான் கேட்டாள்: “காலு போயிருந்தா என்ன செய்வீய? அதுக்கும் பெயிண்ட் அடிப்பியளோ?”

பின் சீட்டு அம்மா

அன்றிலிருந்து அவள் பின் சீட்டில்தான் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டு காலியாகக் கிடக்க, பேச ஆளில்லாமல் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போனோம். கோமதி இறங்கி முன்னால் நடந்தாள். பூ விற்கிற பெண் என்னிடம் அக்கறையாகச் சொன்னாள்: “டிரைவர் அண்ணாச்சி, அம்மா சாமி கும்பிட்டு வர நேரமாவும். வண்டிய அங்கன நிழல்ல போடுங்க.”

கோமதி காதிலும் விழுந்தது. திருத்தவில்லை!

ஏழும் போச்சு

ரோஷம் வந்து, கடையநல்லூர் காசிம் பாயின் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். துபாயில் கார் பாடி வேலை பார்த்தவர், என்னைவிட நாலு வயது இளையவர். யார் ஒட்டுப் போட்டாலும் அதை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கிச் சுத்தியலால் அடிப்பார். தகடு கிழிந்தும் ஒட்டு விடாமல் நின்றால்தான் வேலை சரி. முதல் நாள் நான் போட்ட ஏழு ஒட்டும் ஒவ்வோர் அடியில் விட்டுப்போயின. பாய் சிரிக்கவே இல்லை. “சார், ரெண்டு தகடும் பக்கத்து பக்கத்துல நிக்குதே தவிர, ஒண்ணு சேரல.”

கூலிங்கிளாஸ்

வெல்டிங் முகமூடி கனக்கிறது என்று ஒருநாள் வீட்டில் கூலிங்கிளாஸோடு பழகிப் பார்த்தேன். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மறுநாள் கண்ணில் மணலைக் கொட்டியது போல ஒரே உறுத்தல், தாரை தாரையாகத் தண்ணீர். பள்ளிக்கூடத்தில், என் பின் சீட்டுக் கதை தெரிந்த கணக்கு டீச்சர் தன் கைக்குட்டையை நீட்டினார். “வீட்டுல இன்னும் முன்னால வந்து உக்காரலியா சார்?”

சுத்தியல் எங்கே?

மூன்றாம் மாதம் பாயின் சுத்தியலுக்கும் என் ஒட்டு விடாமல் நின்றது. காரில் துருப்பிடித்த இடம் முழுவதையும் வெட்டி எறிந்து, பளபளவென்று சுரண்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஆறவிட்டு ஆறவிட்டுப் புதுத் தகட்டை ஒட்டினேன். கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

குனிந்து பார்த்தாள். சுத்தியல் எங்கே என்றாள். கொடுத்தேன். ஓரம் ஓரமாக அடித்தாள், பாருங்கள், கல்யாணமான பதினெட்டு வருஷக் கோபமும் அதில் இருந்தது. தகடு நசுங்கியது, ஒட்டு விடவில்லை. சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறி, இரண்டு காலையும் அழுத்தி ஊன்றினாள்.

“என்ன பாத்துக்கிட்டே நிக்கிய? வண்டிய எடுங்க.”

மூன்று மாதம் படித்த தொழிலுக்கு எனக்கு இன்றுவரை ஒரே ஒரு வாடிக்கையாளர்தான், அவளும் சுத்தியலோடுதான் வருகிறாள்.